குறைந்த செலவில் பரிசளிக்கப் பூச்சாடி அமைப்பது எப்படி?

கேள்வி

வணக்கம். நீண்ட நாள் படுக்கையில் இருந்து இப்போது தேறிவரும் என் பெரியம்மாவைப் பார்க்க வரும் ஞாயிற்றுக்கிழமை செல்கிறேன். அப்போது என் கையாலேயே அமைத்த ஒரு சிறிய பூச்சாடியைக் கொடுக்க விரும்புகிறேன். கடைப் பூங்கொத்துக்குச் செலவிட இப்போது என்னிடம் பணம் இல்லை. வீட்டில் 5 ரோஜாக்கள் மலரும் நிலையில் இருக்கின்றன. ஒரு செடி நிறைய மஞ்சள் செவ்வந்தியும் சுவரோரம் பெரணியும் உண்டு. சாடிக்குக் காலியான ஒரு ஜாம் பாட்டிலைக் கழுவி வைத்திருக்கிறேன்.

சென்ற ஆண்டு ஒரு தோழிக்காக இப்படிச் செய்தபோது இரண்டு வகையில் தோற்றேன். அகன்ற வாயுள்ள பாத்திரத்தை எடுத்ததால் பூக்கள் யாவும் விளிம்பில் சாய்ந்து, நடுவில் பள்ளம் விழுந்துவிட்டது. பூக்கள் வாடாமல் இருக்கும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு நீரில் 2 தேக்கரண்டி சர்க்கரை போட்டேன். மறுநாள் காலையில் நீர் கலங்கி, காம்புகள் வழவழவென்றாகி, ரோஜாக்கள் தலை கவிழ்ந்திருந்தன. இம்முறை பூக்களை நேராக நிறுத்துவது எப்படி, குறைந்த பூக்களைக் கொண்டு சாடி நிறைந்து தெரியச் செய்வது எப்படி, சர்க்கரை போடலாமா கூடாதா என்பவற்றை அனுபவம் உள்ளவர்கள் தெரிவிக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1

உங்கள் முதல் தோல்விக்குப் பாத்திரத்தின் வாய்தான் காரணம். வாய் அகலமாக அகலமாக அதை நிரப்பத் தேவைப்படும் பூக்களின் எண்ணிக்கை கூடிக்கொண்டே போகும். ஆகவே செலவைக் குறைக்க நினைப்பவர் முதலில் குறைக்க வேண்டியது சாடியின் வாயைத்தான். ஜாம் பாட்டில் நல்ல தேர்வு.

பாட்டிலின் விளிம்பை ஈரம் இல்லாமல் துடைத்துவிட்டு, ஒளி ஊடுருவும் ஒட்டுநாடாவை மெல்லிய கீற்றுகளாக வெட்டி, வாயின் குறுக்கே இரண்டும் நெடுக்கே இரண்டுமாக ஒட்டுங்கள். ஒன்பது கட்டங்கள் கிடைக்கும். ஒவ்வொரு கட்டத்திலும் ஓரிரு காம்புகளைச் செருகினால் அவை வைத்த இடத்திலேயே நிற்கும். விளிம்பில் சிறிது ஈரம் இருந்தாலும் நாடா கழன்றுவிடும் என்பதால் நீரை முக்கால் பாகம் வரை முன்பே ஊற்றிவிட்டுப் பிறகு துடைத்து ஒட்டுவது நல்லது.

அடுத்து, பெரும்பாலோர் செய்யும் தவறு, பூவில் தொடங்குவது. பெரணியில் தொடங்குங்கள். விளிம்பைச் சுற்றி ஐந்தாறு பெரணி இலைகளை வெளிப்புறமாகச் சாய்த்து, பாட்டிலின் கழுத்தும் நாடாவும் மறையும்படி செருகிவிட்டால் பாதி வேலை முடிந்தது. சாடி நிறைந்து தெரிவதற்குப் பூக்களைவிட இந்தப் பச்சைதான் காரணம். அதன்பின் செவ்வந்தியைத் தாழ்வாகவும் நெருக்கமாகவும் இரண்டு மூன்று கொத்துகளாக வையுங்கள். ரோஜாவைக் கடைசியில் வையுங்கள். ஐந்தையும் ஒரே உயரத்தில் நிறுத்தினால் வரிசையில் நிற்கும் பிள்ளைகளைப் போல் இருக்கும். ஒன்று உயரமாக, இரண்டு நடுத்தரமாக, நன்கு விரிந்த இரண்டு விளிம்பை ஒட்டி என்று வெட்டிக்கொள்ளுங்கள். நடுவில் கொஞ்சம் இடைவெளி இருந்தால் இருக்கட்டும், எல்லா இடத்தையும் அடைக்க வேண்டியதில்லை.

பூக்களின் உயரம் பாட்டிலைப் போல் ஒன்றரை மடங்கு இருக்கலாம் என்பது பொதுவான கணக்கு. ஆனால் நோயாளியின் தலைமாட்டில் வைப்பதற்கு அந்தக் கணக்கை நான் பின்பற்ற மாட்டேன். கை பட்டால் கவிழாத அளவுக்குத் தாழ்வாக இருப்பதே மேல். அடியில் ஒரு கைப்பிடி கூழாங்கல் போட்டால் கூடுதல் உறுதி.

மறுமொழி 2

சர்க்கரையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். வெட்டிய பூவுக்குச் சர்க்கரை உணவு என்பது உண்மைதான். ஆனால் அதே சர்க்கரை நீரில் உள்ள நுண்ணுயிரிகளுக்கும் உணவு. அவை பெருகிக் காம்பின் மெல்லிய நீர்க்குழாய்களின் வாயை அடைத்துவிடுவதால், பாட்டில் நிறைய நீர் இருந்தும் பூ தாகத்தில் வாடுகிறது. நீங்கள் கண்ட வழவழப்பு அதுவே. பூக்கள் வாடாமல் இருக்க நீரில் கலக்கவென்று கடைகளில் விற்கும் பொடியில் சர்க்கரையோடு அமிலமும் கிருமிநாசினியும் சேர்ந்திருப்பதால்தான் அது பயன் தருகிறது. வீட்டில் அதைச் செய்து பார்க்க நினைத்துச் சிலர் பிளீச்சையும் எலுமிச்சைச் சாற்றையும் ஒன்றாகக் கலக்கிறார்கள். அடர்த்தியாகக் கலந்தால் நச்சுத்தன்மை கொண்ட குளோரின் வாயு வெளிவரும் என்பதால் அதை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.

சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவிய பாட்டில், நாள்தோறும் மாற்றிய நீர், நீர்மட்டத்துக்குக் கீழே ஓர் இலைகூட இல்லாத காம்பு, இவை மூன்றும் இருந்தால் பொடியே தேவைப்படாது. செவ்வந்தியில் பூ வாடுவதற்கு முன்பே இலைகள் மஞ்சளாகிவிடும். ஆகவே அதன் இலைகளில் பெரும்பகுதியைத் தயங்காமல் கிள்ளிவிடுங்கள்.

பூக்களை விடியற்காலையில் பறியுங்கள், அப்போதுதான் காம்பில் நீர் நிறைந்திருக்கும். பறித்தவுடன் அடுக்கத் தொடங்காமல், ஒரு வாளி நீரில் கழுத்தளவு மூழ்கும்படி, நிழலான குளிர்ந்த இடத்தில் சில மணி நேரம் வையுங்கள். இந்த ஒரு படியைத் தவிர்ப்பவர்களே மிகுதி.

மறுமொழி 3

பூக்களைச் செருகி நிறுத்தும் பச்சை நிற நுரைக்கட்டியை யாரேனும் இங்கே பரிந்துரைக்கும் முன் ஒரு சொல். அது பிளாஸ்டிக் வகையைச் சேர்ந்தது; மக்காது, உதிர்ந்து நுண்துகளாகும், ஒருமுறைதான் பயன்படும். சிறிய பாட்டிலுக்கு அதில் பணம் போடுவது வீண். கொஞ்சம் பெரிய சாடியாக இருந்தால் கோழிக்கூண்டுக்குப் பயன்படும் கம்பி வலையைப் பந்துபோல் சுருட்டி உள்ளே திணித்தால் போதும், பல ஆண்டுகளுக்கு வரும்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. இன்று 2 ரோஜாக்களை வைத்து ஒத்திகை பார்த்தேன். நாடாவும் பெரணியும் நீங்கள் சொன்னபடியே அமைந்தன. ஆனால் ஒரு ரோஜா மட்டும், இதழ்கள் புதிதாக இருக்கும்போதே, பூவுக்குச் சற்றுக் கீழே கழுத்து மடங்கித் தொங்குகிறது. பாட்டிலில் நீர் நிறைய இருக்கிறது. காம்பையும் சாய்வாகத்தான் வெட்டினேன். அதைக் காப்பாற்ற முடியுமா? மேலும், சாடியை ஒரு மணி நேரம் பேருந்தில் எடுத்துச் செல்ல வேண்டும்.

மறுமொழி 2

பெரும்பாலும் முடியும். வெட்டிய இடத்தில் காற்று புகுந்தோ அடைப்பு ஏற்பட்டோ நீர் மேலே ஏறாமல் நின்றுவிடுவதால்தான் கழுத்து மடங்குகிறது. காம்பின் அடியில் 2 அல்லது 3 சென்டிமீட்டரை, நீருக்குள் பிடித்தபடியே, கூரான கத்தியால் வெட்டி நீக்குங்கள். மழுங்கிய கத்தரிக்கோல் காம்பை நசுக்கிவிடும். பிறகு பூவின் தலை நிமிர்ந்து நிற்கும்படி செய்தித்தாளில் இறுக்கமாகச் சுருட்டி, ஆழமான வெதுவெதுப்பான நீரில் ஓரிரண்டு மணி நேரம் நிறுத்திவையுங்கள். சாய்வாக வெட்டுவதை எல்லோரும் பெரிதாகச் சொல்வார்கள். காம்பின் அடி பாட்டிலின் தரையில் தட்டையாக ஒட்டிக்கொள்ளாமல் இருப்பதுதான் அதன் முக்கியமான பயன்.

பேருந்தில் நீரோடு எடுத்துச் செல்லாதீர்கள். அடுக்கிய நிலையிலேயே பாட்டிலின் வாய்க்குச் சற்று மேலே காம்புகளை நூலால் தளர்வாகக் கட்டி, நீரை ஏறக்குறைய முழுவதும் சாய்த்து ஊற்றிவிட்டு, காம்புகளின் அடி நனையும் அளவுக்கு மட்டும் விட்டுவையுங்கள். பாட்டிலைச் சுற்றித் துணி அடைத்த அட்டைப்பெட்டியில் வைத்து மடியில் வைத்துக்கொண்டால் போதும். அங்கே சென்று நீரை நிரப்பியபின், பழத்தட்டுக்கு அருகில் மட்டும் சாடியை வைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். பழுக்கும் பழங்கள் வெளியிடும் எத்திலீன் வாயு பூக்களை விரைவில் முதுமையாக்கிவிடும்.

கேள்வி கேட்டவர்

செய்தித்தாளைப் பிரித்தபோது ரோஜா நிமிர்ந்திருந்தது, ஓர் இதழ் மட்டும் மடிந்திருந்ததைக் கிள்ளிவிட்டேன். ஞாயிறன்று சாடி குலையாமல் போய்ச் சேர்ந்தது. பெரியம்மா முதலில் கேட்டது, "இந்தப் பெரணி உங்கள் வீட்டுச் சுவரோரத்தில் இருந்ததுதானே?" என்பதுதான். இன்று, ஐந்தாம் நாள், ரோஜாக்களை எடுத்துவிட்டுச் செவ்வந்தியை மட்டும் அதே பாட்டிலில் தாழ்வாக வெட்டி வைத்திருப்பதாகத் தொலைபேசியில் சொன்னார்.