காஸ் குக்கரின் அவனில் (oven) பட்டர் கேக் அடி கருகுவது ஏன்?

கடலோர மாடி எழுதியது:
அனைவருக்கும் வணக்கம். ஆறு மாதங்களுக்கு முன்பு கொழும்பு வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கமாக உள்ள ஒரு தொடர்மாடி வீட்டுக்குக் குடிவந்தோம். அதுவரை இரட்டை அடுப்பில் மட்டுமே சமைத்த எனக்கு, மேலே நான்கு அடுப்புகளும் கீழே அவனும் உள்ள காஸ் குக்கர் புதிது. மூன்று முறை பட்டர் கேக் செய்தேன். மூன்று முறையும் அடி கருகி, மேற்பக்கம் வெளிறி, நடுவில் ஈர்க்கினால் குத்திப் பார்த்தபோது மா ஒட்டிக்கொண்டு வந்தது. குறிப்பில் 350 பாகை என்றிருந்ததால் குமிழை ஆகக் கூடிய அளவில் வைத்தேன். அவனின் அடித்தட்டு அழுக்காகாமல் இருக்க அலுமினியத் தாளும் விரித்திருக்கிறேன். பற்றவைத்துக் குமிழை விட்டவுடன் சுடர் அணைந்துவிடுகிறது. ஒருமுறை உடனே மறுபடி தீக்குச்சியை நீட்டியபோது ‘பக்’ என்று பிடித்துக் கைமயிர் பொசுங்கியது. அன்றிலிருந்து மாமி அவன் பக்கமே போக வேண்டாம் என்கிறார்.

பழைய வெதுப்பகத்தான் எழுதியது:
சகோதரி, குறிப்பிலுள்ள 350 பாரன்ஹைட் அளவு. செல்சியஸில் அது ஏறத்தாழ 180 தான். பாதிக் கருகல் அங்கே தொடங்கியிருக்கிறது. மீதிக்கு அலுமினியத் தாள் காரணம். காஸ் அவனில் சுடர் அடித்தட்டுக்குக் கீழே எரிகிறது, சூடான காற்று தட்டிலுள்ள துவாரங்கள் வழியாக மேலேறிச் சுற்றி வர வேண்டும். துவாரங்களை மூடினால் சூடு கீழேயே தங்குவதோடு, சுடருக்குப் போதிய காற்றும் கிடைக்காது. ஆகவே தாளை இன்றே எடுத்துவிடுங்கள். கேக் தட்டை நடுக்கம்பித் தட்டில், நான்கு பக்கமும் இடைவெளி விட்டு வையுங்கள். கருமை நிறத் தட்டு சூட்டை அதிகம் இழுக்கும் என்பதால் வெளிர்நிறத் தட்டே நல்லது. மாவை ஊற்றுவதற்குக் கால் மணி நேரம் முன்பே அவனைச் சூடாக்குங்கள். குமிழின் எண்ணை நான் எப்போதும் முழுதாக நம்புவதில்லை. அவனுக்குள் வைக்கும் சிறிய வெப்பமானி ஒன்று வாங்கினால் இந்தத் தலையிடி பெரும்பாலும் தீரும்.

நான்காம் மாடி எழுதியது:
கேக்கை விட அந்த ‘பக்’ சத்தமே என்னை யோசிக்க வைத்தது. சுடருக்கு அருகில் ஒரு சிறு உணர்கோல் இருக்கும். அது சூடேறும் வரை, சுமார் பத்து வினாடிகள், குமிழை அழுத்திப் பிடித்திருந்தால்தான் காஸ் தொடர்ந்து வரும். அவன் கதவைத் திறந்து வைத்துத்தான் பற்றவைக்க வேண்டும். அணைந்துவிட்டால் குமிழை மூடி, கதவைத் திறந்தபடியே சில நிமிடங்கள் பொறுத்த பின்னரே மீண்டும் முயலுங்கள். எல்பி காஸ் காற்றை விடப் பாரமானது என்பதால், கசிந்தால் தரையோடு தேங்கும். மணம் வந்தால் லைட் சுவிட்சைத் தொடாமல், ரெகுலேட்டரை மூடி, ஜன்னல்களைத் திறந்துவிடுங்கள்.

கடலோர வீடுகளில் இன்னொரு தொல்லையும் உண்டு. உப்புக் காற்றில் குழாயை இறுக்கும் கிளிப் துருப்பிடித்துத் தளர்ந்துவிடும். 2021 இறுதியில் நாடெங்கும் காஸ் வெடிப்புகள் நடந்தபோதுதான் நாங்களும் சவர்க்கார நுரையைப் பூசிப் பார்க்கப் பழகினோம். பூசிய இடத்தில் குமிழிகள் பெருகினால் கசிவு இருக்கிறது என்று அர்த்தம்; நெருப்புக்குச்சியைக் காட்டி ஒருபோதும் சோதிக்காதீர்கள்.

கடலோர மாடி எழுதியது:
இருவருக்கும் மிக்க நன்றி. நுரை பூசியதில் ரெகுலேட்டர் பக்கத்துக் கிளிப்பில் குமிழிகள் வரிசையாக எழுந்தன. உடனே ஆளை அழைத்துக் குழாயையும் கிளிப்பையும் மாற்றிவிட்டோம். நேற்று 180 இல், நடுத்தட்டில் வைத்த கேக்கின் அடி பொன்னிறமாக வந்தது. ஈர்க்கும் சுத்தமாக வந்தது. மேற்பக்கம் மட்டும் இன்னும் வெளிறித்தான் இருக்கிறது.

பழைய வெதுப்பகத்தான் எழுதியது:
காஸ் எரியும்போது நீராவியும் உண்டாவதால் மேற்பக்கம் சற்று மெதுவாகத்தான் சிவக்கும். நடுப்பகுதி இறுகிய பின், கடைசிப் பத்து நிமிடங்களுக்குத் தட்டை ஒரு படி மேலே ஏற்றுங்கள். அதற்கு முன் கதவைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தால் கேக் நடுவில் குழிந்துவிடும்.