ஒரே ரெப்போ மூன்று இடத்தில் கிடக்கிறது, எப்படி ஒழுங்கு செய்வது?

கேள்வி

வணக்கம். கிட் க்ளோன் செய்த ரெப்போக்கள் (சர்வரிலிருந்து இறக்கிய நிரல் ஃபோல்டர்கள்) என் லேப்டாப்பில் எங்கெங்கோ கிடக்கின்றன. டவுன்லோட்ஸில் சில, டெஸ்க்டாப்பில் சில, ஹோமில் 'புதுசு', 'புதுசு2' என்று சில. ஓப்பன்-தமிழ் (தமிழ் உரையைக் கையாளும் பைத்தான் நிரலகம்) மட்டும் மூன்று பிரதி. போன வாரம் அதில் ஒரு பிழையைத் திருத்திவிட்டு டெஸ்ட் ஓட்டினால், பழைய பிழை அப்படியே வருகிறது. இரண்டு மணி நேரம் மண்டையை உடைத்த பிறகுதான் புரிந்தது: எடிட்டரில் திறந்திருந்தது டவுன்லோட்ஸ் பிரதி, டெர்மினல் நின்றது டெஸ்க்டாப் பிரதியில். உபுண்டு, பாஷ். அலுவலக வேலையும் இதே கணினியில்தான். நீங்கள் எப்படி வைத்துக்கொள்கிறீர்கள்?

பதில் 1

ஜிஹெச்க்யூ (ரெப்போக்களை ஒரே இடத்தில் அடுக்கி வைக்கும் கருவி) போடுங்கள். எங்கே வைப்பது என்று நீங்கள் யோசிக்கவே வேண்டாம், ரெப்போவின் முகவரியே இடத்தை முடிவு செய்துவிடும். 'கிட் க்ளோன்' அடிக்கும் இடத்தில் 'ஜிஹெச்க்யூ கெட்' அடியுங்கள். ஹோமில் ஜிஹெச்க்யூ என்ற ஃபோல்டர், அதற்குள் கிட்ஹப்.காம், அதற்குள் உரிமையாளர் பெயர், அதற்குள் ரெப்போ. மூல ஓப்பன்-தமிழும் உங்கள் ஃபோர்க்கும் (உங்கள் கணக்கில் எடுத்த நகல்) ஒரே பெயரில் இருந்தாலும் உரிமையாளர் ஃபோல்டர் வேறு என்பதால் குழம்பாது. மறந்துபோய் இன்னொரு முறை கெட் அடித்தாலும் இரண்டாவது பிரதி வராது.

'ஜிஹெச்க்யூ லிஸ்ட் -பி' முழுப் பாதைகளைத் தரும். அதை எஃப்இசட்எஃப் என்ற தேடல் கருவிக்கு பைப் செய்தால் நான்கு எழுத்து அடித்ததும் வேண்டியது வந்து நிற்கும். அந்த இடத்துக்கு சிடி செய்வதை பாஷ்ஆர்சியில் (பாஷின் அமைப்புக் கோப்பு) ஒரு ஃபங்ஷனாக எழுதுங்கள். தனி ஸ்கிரிப்ட்டாக எழுதினால் உங்கள் ஷெல் நின்ற இடத்திலேயே நிற்கும்.

கேட்டவர்

நன்றி. அப்போ பழைய ஃபோல்டர்களை அழித்துவிட்டுப் புதிதாக கெட் செய்துவிடலாமா?

பதில் 1

தயவுசெய்து அழிக்காதீர்கள்! நான் அப்படிச் செய்துதான் மூன்று நாள் வேலையை இழந்தேன். அது ஸ்டாஷில் (கமிட் செய்யாத மாற்றங்களை கிட் ஒதுக்கி வைக்கும் இடம்) இருந்தது. கிட் ஸ்டேட்டஸ் சுத்தமாக இருக்கிறது என்று காட்டியதும் நம்பிவிட்டேன். ஸ்டாஷை அது வழக்கமாகக் காட்டுவதில்லை, புஷ் செய்தாலும் ஸ்டாஷ் சர்வருக்குப் போகாது.

ஒவ்வொரு பிரதியிலும் 'கிட் ஸ்டாஷ் லிஸ்ட்' பாருங்கள். அப்புறம் 'கிட் லாக் --பிராஞ்சஸ் --நாட் --ரிமோட்ஸ்': புஷ் ஆகாத, அதாவது இன்னும் சர்வருக்கு அனுப்பாத, கமிட் எல்லாம் வெளியே வரும். நல்ல பிரதியை அழிக்காமல், 'கிட் ரிமோட் -வி' காட்டும் முகவரிப்படி ஃபோல்டர் அமைத்து எம்வி கட்டளையால் நகர்த்தினால் போதும், லிஸ்டில் அதுவும் வந்துவிடும். பைத்தான் வென்வ் (அந்த ரெப்போவுக்கான தனி பைத்தான் சூழல்) உள்ளே இருந்தால் அதை மட்டும் புதிதாக உருவாக்குங்கள், அதில் பழைய பாதை பதிந்திருக்கும்.

பதில் 2

அலுவலக வேலையும் இருக்கிறது என்றீர்களே. ஜிஹெச்க்யூவில் அலுவலக கிட் சர்வர் பெயரில் தனி ஃபோல்டர் வந்துவிடுவதால், கிட் கான்ஃபிகில் 'இன்க்ளூட்இஃப்' வைத்து அங்கே மட்டும் அலுவலக மின்னஞ்சல் போகும்படி செய்யலாம். அதில் தரும் ஃபோல்டர் பாதையின் கடைசியில் சாய்கோடு இல்லையென்றால் உள்ளே இருப்பவற்றுக்குப் பொருந்தாது. அந்தப் பகுதியை யூசர் பகுதிக்குக் கீழே எழுதுங்கள், கடைசியாக வருவதைத்தான் கிட் எடுத்துக்கொள்ளும்.

கேட்டவர்

நேற்று இரவு உட்கார்ந்து பார்த்தேன். டெஸ்க்டாப் பிரதியில் இரண்டு ஸ்டாஷ், 'புதுசு2'-வில் புஷ் ஆகாத ஒரு கமிட். நான் தொலைந்துவிட்டது என்று நினைத்துத் திரும்ப எழுதிய அதே டெஸ்ட்கள்தான் அவை. சொல்லித் தடுத்ததற்கு மிக்க நன்றி. மூன்றையும் சேர்த்து ஒரே இடத்துக்கு நகர்த்திவிட்டேன்.