"ஆ மம்மா" என்றால் உங்களைத்தான்: சிசிலிக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

மே மாதம் இரண்டாவது ஞாயிறு இங்கே அன்னையர் தினம். பக்கத்து வீட்டு அம்மா சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறார், என்ன கொண்டுபோவது, என்ன சொல்வது என்று புதிதாக வந்த பிள்ளைகள் சிலர் கேட்டிருந்தீர்கள். நான் பலெர்மோவுக்கு வந்து 14 வருஷம். வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் பதாந்தே வேலை. தெரிந்ததைச் சொல்கிறேன்.

வகுப்பில் படிக்கிற இத்தாலியன் வேறு, சமையலறையில் அம்மாக்கள் கதைக்கிற சிசிலியன் வேறு. நான் முதன்முதல் வேலைக்குப் போன வீட்டில், கதவைத் திறந்த அம்மா "த்ராசி, த்ராசி" என்றார். எனக்கு விளங்கவில்லை, வாசலிலேயே நின்றேன். உள்ளே வா என்று அர்த்தம். இத்தாலியனில் "எந்த்ரா" என்றுதான் படித்திருந்தேன். கையைப் பிடித்துக் கூட்டிப்போய் உட்காரவைத்து, "மன்ச்சாஸ்தி?" என்றார். அடுப்பில் இருந்த சட்டியைக் காட்டியதும்தான் பிடிபட்டது. சாப்பிட்டியா என்று கேட்கிறார்! ஊரைவிட்டு வந்த பிறகு என்னை அப்படிக் கேட்ட முதல் ஆள் அவர்தான்.

அப்புறம் தட்டை என் பக்கம் தள்ளி, "மன்ச்சா, ஆ மம்மா" என்றார். அம்மா வயதில் இருக்கிறவர் என்னைப் போய் ஏன் மம்மா என்கிறார் என்று இரண்டு நாள் யோசித்தேன். பிறகு ஊரில் அம்மா என்னை "சாப்பிடம்மா" என்பதும், தம்பியை "வாப்பா" என்பதும் ஞாபகம் வந்தது. கிட்டத்தட்ட அதே மாதிரிதான், ஆனால் நாம் பிள்ளை ஆணா பெண்ணா என்று பார்த்து அழைப்போம், இங்கே அழைப்பவர் யார் என்பதுதான் கணக்கு. தெற்கு இத்தாலியில் தாய் தன் பிள்ளையைத் தன் உறவுமுறைச் சொல்லாலேயே, அதாவது "மம்மா" என்றே அழைப்பாள். அப்பா "ஆ பாப்பா" என்பார், பாட்டி "ஆ நொன்னா" என்பார். உங்களை யாராவது "ஆ மம்மா" என்று கூப்பிட்டால், உங்களைத் தன் பிள்ளையாக எடுத்துக்கொண்டார் என்று அர்த்தம். சிலர் "ச்சாத்து மியு" என்பார்கள், என் மூச்சே என்று பொருள்.

ஆனால் நீங்கள் திருப்பிச் சிசிலியன் பேசவேண்டாம். மரியாதையாக "லேய்" போட்டு இத்தாலியனிலேயே பேசுங்கள். பழைய ஆட்கள் பெற்றோரைக்கூட "வொஸ்ஸியா" என்றுதான் சொல்வார்கள், நம் "நீங்கள்" மாதிரி. நாப்போலியில் இருப்பவர்களுக்கு ஒன்று: அங்கே "மாம்மெத்தா" என்றால் உன் அம்மா. சண்டையில் வசையாகவும் வரும் சொல், விளையாட்டுக்கும் வாயில் எடுக்காதீர்கள். நீண்டகால வதிவிட அனுமதிக்கு ஏ-2, குடியுரிமைக்கு பி-1 நிலை மொழிப் பரீட்சை எல்லாம் இத்தாலியனில்தான், அதையும் விட்டுவிடாதீர்கள்.

அன்றைக்கு "தாந்தி ஆவ்குரி, சிஞ்ஞோரா" என்றால் போதும். முன்பெல்லாம் மே 8-ஆம் தேதியே கொண்டாடினார்கள், வயதானவர்கள் இன்னும் அந்தத் தேதியைச் சொல்வார்கள். பூ வாங்கினால் செவ்வந்தி வேண்டவே வேண்டாம், அது நவம்பர் 2-ஆம் தேதி கல்லறைக்குக் கொண்டுபோகும் பூ. அந்த வாரம் சதுக்கங்களில் புற்றுநோய் ஆராய்ச்சிக்காக அசலேயா பூச்சாடி விற்பார்கள், அதை வாங்குங்கள்.

இனிப்புக்கு வருவோம், இதில்தான் நம் ஆட்கள் மாட்டிக்கொள்வது. விருந்துக்குப் போகும்போது பேஸ்ட்ரி கடையில் ஒரு தட்டு நிறைய அடுக்கி, தாள் சுற்றி, நாடா கட்டித் தருவார்கள். அதற்கு இங்கே "குவாந்தியேரா" என்று பெயர். கன்னோலி, அதாவது ரிக்கொட்டா பாலாடை நிரப்பிய குழல் இனிப்பு, வாங்கினால் கேட்டபிறகு நிரப்பித் தருகிற கடையாகப் பாருங்கள், முன்கூட்டியே நிரப்பியது நமத்துப்போயிருக்கும். ஆனால் கன்னோலி ஓட்டில் பழைய முறைப்படி ஸ்த்ருத்தோ, அதாவது பன்றிக் கொழுப்பு சேரும். மாவில் மார்சாலா ஒயினும் உண்டு. நாப்போலியின் அடுக்குப் பேஸ்ட்ரியான ஸ்ஃபொலியாத்தெல்லாவிலும் அந்தக் கொழுப்பு உண்டு. சைவக்காரரும் முஸ்லிம் சகோதரர்களும் கடையில் "செ ஸ்த்ருத்தோ?" என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

நான் சொல்வது பியாங்கொமஞ்சாரே, பாதாம்பாலில் செய்யும் புட்டிங். முட்டை கிடையாது, ஜெலட்டின் கிடையாது. பாதாமை அரைத்துத் தண்ணீரில் ஊறவைத்து, நாம் தேங்காய்ப்பால் எடுப்பதுபோலத் துணியில் பிழிய வேண்டும். இந்தப் பாதாம்பால் 1 லிட்டருக்கு 90 கிராம் சோளமா (வெள்ளையான கார்ன்ஃப்ளவர்), 150 கிராம் சீனி, ஒரு எலுமிச்சைத் தோல், ஒரு துண்டு கறுவா. மாவை முதலில் ஆறிய பாலில் கரைத்துக்கொள்ளுங்கள், நேராகச் சூட்டில் போட்டால் கட்டிபட்டுவிடும். சிறு தீயில் களி கிண்டுவதுபோலக் கைவிடாமல் கிண்டி, கரண்டியில் ஒட்டித் திரண்டு வரும்போது இறக்கிக் கிண்ணங்களில் ஊற்றுங்கள். ஆறியதும் சில மணி நேரம் குளிர்ப்பெட்டியில். பரிமாறும்போது மேலே கொஞ்சம் பிஸ்தா.

ஜூலையில் சாந்தா ரொசாலியா திருவிழா வரும், நம் ஆட்கள் பெல்லெக்ரீனோ மலை ஏறிக் கும்பிடுகிற அதே புனிதைதான். அப்போது இதே கைப்பக்குவத்தில் வத்தகைப்பழச் சாற்றில் ஜெலோ செய்வார்கள், மல்லிகைப்பூ ஊறவைத்த தண்ணீர் சேர்த்து. முதல் தடவை அந்த வாசம் மூக்கில் பட்டபோது, அம்மா தலையில் பூ வைத்துக்கொண்டு பாயசம் கிண்டுகிற மாதிரி இருந்தது எனக்கு.

வடக்கே எமிலியா பக்கம் இருப்பவர்கள் அரிசிக் கேக் கேட்டு வாங்குங்கள். பாலில் அரிசி வேகவைத்து, பாதாம் போட்டு, டைமண்டாக வெட்டித் தருவார்கள், முட்டை சேரும். அந்தப் பக்கம் வீட்டை நடத்தும் அம்மாவுக்கு "ரெஸ்தோரா" என்று பெயர், ஆள்பவள் என்று பொருள். நம் "இல்லாள்" மாதிரி என்று எனக்குப் படும்.

போன வருஷம் நான் செய்த பியாங்கொமஞ்சாரேயை மூன்றாம் மாடி அம்மாவுக்குக் கொண்டுபோனேன். பாதாம் போதாமல் பாதி தேங்காய்ப்பால் விட்டிருந்தேன், அதையும் ஒளிக்காமல் சொன்னேன். ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்துக்கொண்டே இருந்தார். பிறகு தொரினோவில் இருக்கும் மகளுக்குப் போன் போட்டு, நம் ஊரில் இதை எப்படிச் செய்கிறோம் என்று அவரே விளக்கினார். அடுத்த நாள் பால்கனியிலிருந்து கயிறு கட்டிய பனாரு கூடையில் என் கிண்ணம் இறங்கி வந்தது. கழுவித் துடைத்து, உள்ளே நான்கு எலுமிச்சம்பழம் வைத்திருந்தார்.