மேலுறையா, பொதிகண்ணாடியா?

நண்பர்களே,

நம் கலைச்சொல் பட்டியலில், வண்ணத்தைத் தெளிந்த கண்ணாடிக்குள் அடக்கி ஊதும் முறைக்கு 'மேலுறைக் கண்ணாடி' என்று பெயரிடலாம் எனச் சென்ற மடலில் வந்த பரிந்துரையில் எனக்கு உடன்பாடில்லை. உறை என்றால் கழற்றலாம்; இங்கே இரண்டும் சூட்டில் ஒட்டி ஒன்றாகிவிடுகின்றன. அப்புறம், தெளிந்த கண்ணாடியின் வெளிப்பக்கம் நிறத்தை ஏற்றுவது தனி வேலை. அதையும் நாளைக்கு யாராவது மேலுறை என்றே எழுதுவார்கள்.

முதலாவதற்குப் 'பொதிகண்ணாடி', மற்றதற்கு 'மேலடுக்குக் கண்ணாடி' என்பது என் பரிந்துரை.

சுவீடனின் ஓரெஃபோர்ஸ் கண்ணாடிப் பட்டறையில் 1916இல் உருவான கிரால் என்ற செய்முறையை வைத்துச் சோதித்துப் பார்க்கலாம். அதில் இரண்டும் உண்டு. சிறிய கண்ணாடிக் குமிழின் மேல் நிறத்தை அடுக்கி ஆறவிடுவார்கள். அந்த மேலடுக்கைச் செதுக்கியோ அமிலத்தால் அரித்தோ உருவம் எடுப்பார்கள். மறுபடி சூடேற்றி, தெளிந்த கண்ணாடியில் பொதிந்து, முழு அளவுக்கு ஊதுவார்கள். ஊத ஊத உருவமும் விரியும், ஓரங்கள் இளகும். அந்தப் பட்டறையின் வடிவமைப்பாளர் எட்வர்ட் ஹால்டின் மீன் கிரால் சாடியைத் திருப்பிப் பாருங்கள்: பாசிக்கு நடுவே ஒரே மீன் இரண்டு மூன்றாகத் தெரியும். தடித்த பொதிவு செய்யும் வேலை அது. எல்லாமே 'மேலுறை' என்றால் இதை எப்படி விளக்குவது?

கிரால், அதே பட்டறையின் இன்னொரு முறையான ஏரியல் என்பவை பட்டறை வைத்த பெயர்கள். அவற்றை மொழிபெயர்க்க வேண்டாம். சாடியின் அடியில் பொறித்திருப்பதும் சேகரிப்பவர் தேடுவதும் அந்தப் பெயரைத்தான்.

*

ஐயா, 'பொதி' என்றதும் எனக்குக் கழுதைதான் நினைவுக்கு வருகிறது! சரி, போகட்டும். எட்வின் ஓர்ஸ்ட்ரோம் செய்த ஏரியல் சாடிகளில், மணல் வீசிக் குடைந்த பள்ளங்களில் காற்றுதானே சிக்கி நிற்கிறது? அதுவும் பொதிகண்ணாடியா?

*

ஆமாம் அம்மா. உள்ளே இருப்பது நிறமா காற்றா என்று இந்தச் சொல் கட்டுப்படுத்தவில்லை, அதுதான் வசதி. வேண்டுமானால் 'காற்றுப்பொதி' என்று பிரித்துச் சொல்லலாம். வடிவமைப்பாளர் விக்கே லிண்ட்ஸ்ட்ராண்ட் 1950இல் கோஸ்டா என்ற இன்னொரு சுவீடன் கண்ணாடிப் பட்டறைக்குப் போன பிறகு வடிவமைத்த, பனிமூட்டத்தில் மரங்கள் நிற்கும் சாடிகள் கிராலும் இல்லை, ஏரியலும் இல்லை. அவற்றுக்கு இந்தப் பொதுச்சொல்தான் கைகொடுக்கும். கழுதை விஷயம்: 'பொருள் பொதிந்த பேச்சு' என்னும்போது யாரும் கழுதையைத் தேடுவதில்லையே.

இரண்டு சொற்களையும் பட்டியலில் அடுத்தடுத்து ஏற்றிவிடட்டுமா? மறுப்பு இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள்.