விரதக்காரியோடு சித்தன்னவாசல்

அம்மாவுக்கு மறுநாள் கிருத்திகை விரதம் என்ற விஷயமே புதுக்கோட்டையில் போய் இறங்கிய பிறகுதான் எனக்குத் தெரியும். திட்டம் போட்டவன் மாமா மகன். காலையில் சித்தன்னவாசல், மத்தியானம் இலுப்பூர் பக்கம் நல்ல சாப்பாடு, அப்புறம் கொடும்பாளூர், சாயங்காலம் விராலிமலை. "கல்லு பாதி, சோறு பாதி" என்று போன வாரமே சொல்லிவிட்டான். அம்மா பையைப் பிரித்துக்கொண்டே, "எனக்கு நாளைக்கு ராத்திரி வரைக்கும் ஒண்ணும் வேணாம், நீங்க ரெண்டு பேரும் சாப்பிடுங்க" என்றார். அவன் முகம் போன போக்கைப் பார்க்கணும்.

அன்று ராத்திரி நாங்கள் இருவரும் பரோட்டாவும் முட்டை மாஸும் சாப்பிட்டோம். முட்டை மாஸ் புதுக்கோட்டைப் பக்கத்துச் சரக்கு. அவித்த முட்டையைத் துண்டு போட்டு, சோம்பு வாசம் தூக்கலான கெட்டி மசாலாவில் புரட்டித் தருவார்கள். மஞ்சள் கரு கரைந்து மசாலாவோடு சேர்ந்துவிடும், அதுதான் ருசி. அம்மா இடியாப்பத்தோடு நிறுத்திக்கொண்டார்.

காலை ஏழரைக்கெல்லாம் மலையடிவாரம். அன்னவாசல் சாலையில் புதுக்கோட்டையிலிருந்து பதினாறு கிலோமீட்டர்தான். வழியில் பொட்டல் காட்டில் கல்வட்டங்கள் தெரியும், பெருங்கற்காலத்து ஈமக்காடு. ஊர்க்காரர்கள் இதைக் குரக்குப்பட்டடை என்பார்கள். தெரியாதவர்களுக்கு வயலில் பொறுக்கிப் போட்ட கல் மாதிரிதான் இருக்கும். வண்டியை நிறுத்தாமலே கடந்துவிட்டோம், அது எங்கள் தப்பு.

முதலில் ஏழடிப்பட்டம், சமணத் துறவிகள் தங்கிய மலைக்குகை. வெயிலுக்கு முன்னால் ஏறிவிடுவது நல்லது, ஏனென்றால் மேற்கே ஏறி, முகட்டைத் தாண்டி, கிழக்குச் சரிவில் இறங்கினால்தான் குகை. பத்து மணிக்கு மேல் போனால் பாறை சுடும். அம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு எங்களுக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்தார். நான்தான் ராத்திரி பரோட்டாவைச் சுமந்துகொண்டு மூச்சு வாங்கினேன்.

குகைக்குள் பதினேழு படுக்கைகள். பாறையை வழவழப்பாகத் தேய்த்து, தலைமாட்டில் தலையணை போலச் சற்றே மேடு விட்டிருக்கிறார்கள். ஒன்றின் ஓரத்தில் தமிழ்ப் பிராமி எழுத்து. எருமிநாட்டுக் குமுழூரில் பிறந்த காவுடி என்பவருக்குச் சிறுபாவில் இளயர் செய்து கொடுத்த இருக்கை என்று படித்திருக்கிறார்கள். வயது ஏறக்குறைய ரெண்டாயிரம் வருஷம். பிந்திய நூற்றாண்டுகளில் வெட்டிய பெயர்களும் உண்டு: திருநீலன், திருப்பூரணன், திட்டைச்சரணன். எல்லாரும் சமணத் துறவிகள். இப்படிப்பட்ட இடங்களில் சிலர் சல்லேகனை என்ற உண்ணாநோன்பிருந்து உயிர் விட்டதாகச் சொல்வார்கள். கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பாட்டைக் குறைத்து, கடைசியில் தண்ணீரும் விட்டு.

மாமா மகன் இதைச் சொல்லி முடித்ததும் அம்மா கம்பித் தடுப்புக்கு வெளியே நின்று ரொம்ப நேரம் அந்தத் தலையணை மேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கடைசியா என்ன சாப்பிட்டிருப்பாங்க?"

நாங்கள் ரெண்டு பேரும் பேசவில்லை. நான் பத்து வருஷமாகக் கோயில், குகை என்று சுற்றுகிறேன். எழுத்து எந்த நூற்றாண்டு என்று கேட்டிருக்கிறேனே தவிர, இந்தக் கேள்வி எனக்குத் தோன்றியதே இல்லை.

கீழே இறங்கியபோது சாலையோரம் ஒரு அம்மா கம்பங்கூழ் பானை வைத்து உட்கார்ந்திருந்தார். முந்தின நாள் காய்ச்சிப் புளிக்க வைத்த களியை ஒரு உருண்டை எடுத்து, சொம்பில் மோர் விட்டு, விரல் இடுக்கில் கட்டி தங்காதபடி பிசைந்து பிசைந்து கரைக்கிறார். அப்புறம்தான் உப்பு, அதன் பிறகு பொடிசாக அரிந்த சின்ன வெங்காயம். தொட்டுக்கொள்ள மோர் மிளகாயும் கொத்தவரங்காய் வத்தலும். அடியில் கொஞ்சம் திப்பி நிற்கும், அதையும் மோர் ஊற்றிக் கலக்கிக் குடிக்கணும். நான் ரெண்டு சொம்பு.

"அக்காவுக்கு?" என்றார்.

"விரதம்."

"கூழு குடிச்சா என்ன விரதம் முறியுது? வெங்காயம் போடாமக் கரைச்சுத் தர்றேன். வெறும் வயித்தோட மலை ஏறி மயங்கி விழுந்தா, முருகனா வந்து தூக்குவான்?"

"தூக்குவான், தூக்குவான்" என்று அம்மா சிரித்துக்கொண்டே சமாளித்தார். ஆனாலும் ஒரு டம்ளர் நீர்மோர் வாங்கிக் குடித்தார். மோர் கணக்கில் வராதாம்.

அடுத்து அறிவர் கோயில், அதே மலையில் குடைந்த சமணக் கோயில். அதைப் பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள், நான் சுருக்கிக்கொள்கிறேன். மேல் விதானத்தில் ஓவியமாகத் தாமரைக் குளம், மீன், எருமை, யானை, பூப்பறிக்கும் மூன்று பேர். நிறம் நிறையவே போய்விட்டது, நிதானமாக அண்ணாந்து பார்த்தால்தான் ஒவ்வொன்றாகப் பிடிபடும். கழுத்து வலிக்கும், அதைப் பார்க்காதீர்கள். கருவறை நடுவில் நின்று மெல்ல 'ம்' என்று இழுத்தால் அறை முழுக்க ரீங்காரம் கேட்கும். அம்மா இழுத்தார். "அத்தை, உங்க வயித்துச் சத்தம்னு நெனச்சேன்" என்று மாமா மகன் சொல்லி ஒரு குட்டு வாங்கினான்.

இலுப்பூரில் அவன் பெருமையாகச் சொல்லியிருந்த சாப்பாட்டுக் கடை பூட்டிக் கிடந்தது. பையிலிருந்து அம்மா புளிசோறும் பருப்புத் துவையலும் எடுத்தார். விடிகாலை நாலு மணிக்கு உறவுக்காரர் வீட்டு அடுப்பில் கிண்டியது. கொடும்பாளூர் மூவர் கோயில் வேலிக்கு வெளியே வேப்பமர நிழலில் இலை போட்டு, சாப்பிடாதவர் எங்களுக்குப் பரிமாறினார்.

மூவர் கோயிலில் இப்போது நிற்பது ரெண்டுதான், மூன்றாவதுக்கு அடித்தளம் மட்டும். பத்தாம் நூற்றாண்டில் பூதி விக்கிரமகேசரி என்ற இருக்குவேளிர் குலச் சிற்றரசர் தன் பெயரில் ஒன்றும், மனைவியர் கற்றளி, வரகுணை பெயரில் ஒவ்வொன்றும் கட்டியது. நடுக் கோயில் சுவரில் உள்ள கிரந்தக் கல்வெட்டு, மல்லிகார்ச்சுனர் என்ற காளாமுக (சைவத்தில் ஒரு பிரிவு) குருவுக்கு மடம் கட்டிக் கொடுத்து, 50 துறவிகளின் சாப்பாட்டுக்காக 11 ஊர்களை விட்டதைச் சொல்கிறது. காலையில் பட்டினி கிடந்த துறவிகளின் படுக்கை, மத்தியானம் துறவிகளுக்குப் பந்தி போட்ட கல்வெட்டு. ரெண்டுக்கும் நடுவே ஒரு மணி நேரப் பயணம்கூட இல்லை. அம்மாவிடம் சொன்னேன். "அம்பது பேருக்குப் பதினோரு ஊரா? நல்லாத்தான் சாப்பிட்டிருக்காங்க" என்றார்.

விராலிமலைக்கு அங்கிருந்து கொஞ்ச தூரம்தான். படி இருநூற்றுக்கு மேல். மயில் அகவுகிறது, குரங்கு பையைக் குறி வைக்கிறது. இங்கே முருகனுக்குச் சுருட்டு படைப்பார்கள். கருப்பமுத்து என்ற பக்தர், மழையில் நடுங்கிய ஒருவருக்குச் சுருட்டு கொடுத்தாராம். அவர் துணையோடு ஆற்றைத் தாண்டிக் கோயிலுக்கு வந்து பார்த்தால் சந்நிதியில் அதே சுருட்டாம்.

தரிசனம் முடிந்து அம்மா கீழே வந்து உட்கார்ந்தபோது விளக்குப் போட்டுவிட்டார்கள். பால், பழம் எதுவும் வேண்டாமாம்.

"முருகனே சுருட்டு பிடிக்கிறாரு. எனக்கு ஒரு காபி வாங்கிட்டு வா, ஸ்ட்ராங்கா."

"விரதத்துக்குக் காபி ஆகுமா அத்தை?"

"ஆகும். சர்க்கரை ரெண்டு ஸ்பூன் போடச் சொல்லு."