திங்கட்கிழமை ஆனால் டொமைனை விட்டு விழும் கணினி

கேள்வி: கீழ்மாடி சிஸ்டம்

வணக்கம். எங்கள் கட்டடத்தில் 40 கணினிகள், எல்லாம் ஒரே டொமைனில் (சர்வர் ஒன்று லாகினைச் சரிபார்க்கும் அலுவலகக் குழு). பார்த்துக்கொள்ள நான் ஒருவன். 39 ஒழுங்காக இருக்கின்றன. கணக்குப் பிரிவில் உள்ள ஒன்று மட்டும் என் உயிரை வாங்குகிறது. பெயர் கணக்கு-07.

காலையில் பாஸ்வேர்டு அடித்ததும் 'டிரஸ்ட் ரிலேஷன்ஷிப் ஃபெயில்ட்', அதாவது கணினிக்கும் டொமைனுக்கும் நம்பிக்கை முறிந்தது என்று வந்து நின்றுவிடும். அதில் வேலை பார்க்கும் அம்மாவுக்கு இது பழகிப்போய்விட்டது. நான் போவதற்குள் அவரே லேன் கேபிளைப் பிடுங்கிவிட்டு உள்ளே போய்விடுகிறார். பழைய லாகின் கணினியிலேயே கேஷ் ஆகி (சேமிக்கப்பட்டு) இருப்பதால் அது விட்டுவிடுகிறது. அப்புறம் கேபிளைச் செருகிவிட்டு, ஷேர் டிரைவ் திறக்கவில்லை என்று எனக்குப் போன். நானும் போய் பவர்ஷெல்லில், டொமைனோடு உள்ள அந்த இணைப்பைச் சீராக்கும் செக்யூர் சேனல் ரிப்பேர் கட்டளையை ஓட்டுவேன், 'ட்ரூ' என்று வரும், எல்லாம் சரியாகிவிடும். இரண்டு முறை டொமைனிலிருந்து கழற்றி மறுபடி சேர்த்தும் பார்த்தாயிற்று. சில நாள் கழித்து அதே கதை.

இதுவரை பார்த்தவை: கடிகாரம் சர்வரோடு ஒத்துப்போகிறது. லாகினைச் சரிபார்க்கும் கெர்பரோஸ் 5 நிமிட வித்தியாசம் வரைதான் பொறுக்கும் என்பதால் சந்தேகத்துக்கு, கடிகாரத்தை ஓட்டும் சிஆர்2032 பேட்டரியையும் மாற்றிவிட்டேன். பெயரை ஐபி எண்ணாக மாற்றித்தரும் டிஎன்எஸ்ஸில் இரண்டாவதாக யாரோ கூகுளின் 8.8.8.8 போட்டு வைத்திருந்தார்கள், எடுத்துவிட்டேன். கேபிள், ஸ்விட்ச் போர்ட் இரண்டும் மாற்றியாயிற்று. ஈவன்ட் வியூவரில் நெட்லாகான் 3210 நிற்கிறது, அதாவது டொமைனை நடத்தும் சர்வரான டொமைன் கன்ட்ரோலர் இதன் அடையாளத்தை ஏற்க மறுக்கிறது.

நோட்டில் தேதி குறித்துவருகிறேன். ஒரு முறைக்கும் அடுத்த முறைக்கும் இடையே 7, 14, 7, 21, 14 நாட்கள். என்ன செய்யலாம்?

பதில்: வேகமாகச் சொல்பவன்

பார்மட் பண்ணி விண்டோஸைப் புதிதாகப் போடுங்கள் தல. இதற்கெல்லாம் மண்டையை உடைத்துக்கொள்ளாதீர்கள்.

பதில்: நெட்வொர்க் நண்பன்

மெஷின் பாஸ்வேர்டு பிரச்சினைதான் இது. நமக்கு இருப்பதுபோல கணினிக்கும் டொமைனில் ஓர் அக்கவுன்ட், ஒரு பாஸ்வேர்டு உண்டு. 30 நாளுக்கு ஒரு முறை கணினி தானாகவே அதை மாற்றி, தன்னிடமும் சர்வரிடமும் புதியதை வைக்கும். இரண்டு பக்கமும் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் போனால் இந்த எரர். பழைய இமேஜை (முழு டிஸ்க் நகல்) ரீஸ்டோர் செய்தாலோ, விஎம்மை (மெய்நிகர் கணினி) பழைய ஸ்னாப்ஷாட்டுக்குக் கொண்டுபோனாலோ இப்படி ஆகும். விண்டோஸின் உள் அமைப்புகள் இருக்கும் ரெஜிஸ்ட்ரியில் நெட்லாகான் பாராமீட்டர்ஸ் கீழே 'டிஸேபிள் பாஸ்வேர்டு சேஞ்ச்' என்பதை 1 ஆக்கிவிட்டால் கணினி பாஸ்வேர்டை மாற்றவே மாற்றாது. தொல்லை விட்டது.

பதில்: பழைய சர்வர்

ரெஜிஸ்ட்ரியில் கை வைக்காதீர்கள். பாஸ்வேர்டு மாற்றத்தை நிறுத்துவது, சத்தம் போடுகிறது என்று அலாரத்தின் வயரை அறுப்பது மாதிரி. இங்கே அது பலிக்கவும் செய்யாது. அவர் எழுதிய எண்களைப் பாருங்கள்: 7, 14, 7, 21, 14. இதில் 30 எங்கே வருகிறது? எல்லாம் 7-இன் மடங்கு. எனக்கு இது கணினியின் பழக்கமாகத் தெரியவில்லை, யாரோ ஒரு மனிதருடைய வாரக்கணக்காகத் தெரிகிறது.

கீழ்மாடி சாருக்கு இரண்டு கேள்விகள். விழும் நாள் எப்போதும் ஒரே கிழமையா? அடுத்த முறை விழுந்ததும் ரிப்பேர் செய்யாமல், முதலில் டொமைன் கன்ட்ரோலரில் போய் அந்தக் கணினி அக்கவுன்டைத் திறந்து பார்ப்பீர்களா? வியூ மெனுவில் அட்வான்ஸ்டு ஃபீச்சர்ஸ் டிக் செய்தால் ஆட்ரிபியூட் எடிட்டர் டேப் வரும். அதில் 'பிடபிள்யூடி லாஸ்ட் செட்' என்று ஒரு வரி இருக்கும். பாஸ்வேர்டு கடைசியாக மாறிய நாளும் நேரமும் அதுதான். ரிப்பேரும் பாஸ்வேர்டைப் புதிதாக மாற்றும் என்பதால், ஓட்டிய மறுநொடி அந்த நேரம் அழிந்துவிடும். இத்தனை மாதமாகத் தடயத்தை உங்கள் கையாலேயே துடைத்துக்கொண்டு இருந்திருக்கிறீர்கள், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கேட்டவர்: கீழ்மாடி சிஸ்டம்

கோபம் எதற்கு ஐயா, உண்மைதானே. ஆமாம், எப்போதும் திங்கள். வார விடுமுறையில் ஏதோ அப்டேட் ஓடுகிறது என்றுதான் நினைத்திருந்தேன். இன்று விழவில்லை, அடுத்த திங்கள் வரை காத்திருக்க வேண்டும். ஒரு கணினி விழவேண்டும் என்று வேண்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது எனக்கு இதுதான் முதல் தடவை.

கேட்டவர்: கீழ்மாடி சிஸ்டம்

விழுந்துவிட்டது! கணக்கு அம்மா கேபிளைப் பிடுங்கப் போனவரைத் தடுத்துவிட்டு நேராக சர்வர் ரூமுக்கு ஓடினேன். பாஸ்வேர்டு கடைசியாக மாறியது சனிக்கிழமை மாலை 5.52. அந்தக் கணினியின் ஈவன்ட் லாகில் பார்த்தேன், வெள்ளி மாலையே ஷட்டவுன் ஆகியிருக்கிறது. சனிக்கிழமை அந்த அறையே பூட்டு. அணைந்து கிடந்த கணினி எப்படிப் பாஸ்வேர்டை மாற்றும்?

பதில்: பழைய சர்வர்

அது மாற்றவில்லை. அதே பெயரில் இன்னொன்று இருக்கிறது.

கணினிகளுக்கு ஐபி எண் கொடுக்கும் டிஎச்சிபி சர்வரில் லீஸ் பட்டியலை (யாருக்கு எந்த எண் என்ற பட்டியல்) திறந்து கணக்கு-07 என்ற பெயரைத் தேடுங்கள். விண்டோஸ் டிஎச்சிபியில் நீங்கள் மாற்றாதவரை லீஸ் 8 நாள் நிற்கும், ஆகவே சனிக்கிழமை வந்தவர் இன்னும் பட்டியலில் இருப்பார். ஒரே பெயருக்கு இரண்டு மேக் அட்ரஸ் (நெட்வொர்க் கார்டின் தனி எண்) இருந்தால் முடிந்தது கதை. அதற்கு முன்னால் சர்வரிலிருந்து அந்தப் பெயருக்கு ஒரு பிங் போட்டு, வரும் ஐபி கணக்குப் பிரிவுக் கணினியின் ஐபிதானா என்றும் பாருங்கள்.

கேட்டவர்: கீழ்மாடி சிஸ்டம்

பிங் போட்டதுமே வயிற்றைப் பிசைந்தது. கணக்குப் பிரிவுக் கணினியின் ஐபி 10-இல் ஆரம்பித்து 31-இல் முடிகிறது. பிங் காட்டுவது வேறு சப்நெட் (நெட்வொர்க்கின் வேறு பகுதி), குடோன் பக்கத்து எண். லீஸ் பட்டியலில் இரண்டு கணக்கு-07, இரண்டு மேக் அட்ரஸ்.

இப்போது எல்லாம் ஞாபகம் வருகிறது. போன வருடம் அந்த அம்மாவுக்குப் புதுக் கணினி கொடுத்தோம். பிரின்டர், ஷார்ட்கட் எதையும் மாற்ற வேண்டாமே என்று பழைய பெயரையே வைத்தவன் நான். பழையதைக் குடோனுக்குக் கொடுத்தார்கள். அங்கே சிஸ்டம் பார்ப்பவர் வேறொருவர், சனிக்கிழமை ஸ்டாக் எடுக்கும்போது மட்டும் அதை ஆன் செய்வார்கள். போன் போட்டுக் கேட்டேன். "ஆமாம் சார், ஸ்டாக் எடுக்கும் நாளெல்லாம் டொமைன் எரர் வரும், நானும் ரிப்பேர் போட்டுவிட்டு வேலையைப் பார்ப்பேன்" என்கிறார். நான் திங்களன்று அவருடையதை உடைக்கிறேன், அவர் சனியன்று என்னுடையதை உடைக்கிறார்.

ஒரு சந்தேகம். ஒரே பெயரில் மறுபடி சேர்ப்பதை மைக்ரோசாஃப்ட் தடுத்துவிட்டதாகப் படித்தேனே? அவர் ஒரு முறை புதிதாகவே சேர்த்தாராம். எப்படி விட்டது?

பதில்: பழைய சர்வர்

2022 அக்டோபர் அப்டேட்டில் வந்த கட்டுப்பாடு அது. ஆனால் அந்த அக்கவுன்டை முதலில் உருவாக்கிய யூசரே வந்து சேர்த்தால் விட்டுவிடும். நீங்கள் இருவரும் டொமைனில் சேர்க்க ஒரே பொது யூசரைத்தானே பயன்படுத்துகிறீர்கள்? ஆளுக்கு ஒரு யூசர் என்று இருந்திருந்தால் குடோன்காரருக்கு அன்றைக்கே தடை வந்திருக்கும், நீங்களும் அன்றைக்கே கண்டுபிடித்திருப்பீர்கள்.

சரி செய்யும்போது ஒரு இடத்தில் கவனம். குடோன் கணினியை டொமைனிலிருந்து கழற்றும்போது அது நெட்வொர்க்கில் இருந்தால், போகிற போக்கில் கணக்கு-07 அக்கவுன்டை டிஸேபிள் செய்துவிட்டுப் போகும். அது இப்போது கணக்கு அம்மாவின் கணினிக்கும் அக்கவுன்ட். ஆகவே முதலில் அதன் லேன் கேபிளைக் கழற்றுங்கள், லோக்கல் அட்மின் (அந்தக் கணினியிலேயே உள்ள நிர்வாகி அக்கவுன்ட்) பாஸ்வேர்டு கையில் இருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள், அப்புறம் வொர்க்குரூப்புக்கு (டொமைனில் சேராத நிலை) மாற்றுங்கள். அக்கவுன்டை டிஸேபிள் செய்ய முடியவில்லை என்று எச்சரிக்கை வந்தால் நல்லது, அதுதான் நமக்கு வேண்டும். ரீஸ்டார்ட், புதுப் பெயர், மறுபடி ரீஸ்டார்ட், கேபிளைச் செருகி டொமைனில் சேருங்கள். கடைசியாகக் கணக்குப் பிரிவில் ஒரே ஒரு ரிப்பேர்.

பதில்: நெட்வொர்க் நண்பன்

ரெஜிஸ்ட்ரி யோசனையை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

கேட்டவர்: கீழ்மாடி சிஸ்டம்

மூன்று திங்கள் தாண்டியாயிற்று, விழவில்லை. குடோன் கணினியின் பெயர் இப்போது குடோன்-01. லோக்கல் அட்மின் பாஸ்வேர்டு யாருக்கும் தெரியாமல் அரை நாள் போனது, கடைசியில் அந்தக் கணினியின் அடியில் ஒட்டியிருந்த சீட்டில், என் கையெழுத்திலேயே இருந்தது.

கணக்கு அம்மா மட்டும் இன்னும் திங்கட்கிழமை காலையில் முதலில் கேபிளைத்தான் பிடுங்குகிறார். சொல்லிப் பார்த்துவிட்டேன், கேட்பதாக இல்லை.