ஈகிள் பாய்மரக் கப்பல் நிஜமாவே ஹிட்லர் காலத்துதா?

கடல்பித்தன்:
வணக்கம் மக்களே, அமெரிக்க கோஸ்ட் கார்டு, அதான் கடலோரக் காவல் படையோட ஈகிள் போட்டோ பாத்துட்டு இருந்தேன், வெள்ளைக் கப்பல், மூணு பாய்மரம், பக்கவாட்டுல சிவப்புப் பட்டை, கண்ணை எடுக்க முடியல. கீழ ஒருத்தர் இது ஹிட்லர் முன்னாடி கடல்ல இறக்கின கப்பல்னு எழுதிருந்தார், இன்னொருத்தர் போர்ச்சுகல்கிட்டயும் இதே மாதிரி ஒண்ணு இருக்குன்றார். ரெண்டும் உண்மையா? இன்ஜின் கப்பல் வந்து அவ்ளோ வருஷம் ஆனப்புறம் ஜெர்மனி எதுக்கு பாய்மரக் கப்பல் கட்டணும்?

பருமல்:
ரெண்டும் உண்மைதான் தம்பி. ஆனா கதைய நியோபேல இருந்து ஆரம்பிக்கணும். அது ஜெர்மன் கடற்படையோட பழைய பயிற்சிக் கப்பல். 1932 ஜூலை 26, பால்டிக் கடல்ல ஃபெமார்ன் தீவு பக்கம் போயிட்டு இருக்கு, நல்ல வெயில்னு ஜன்னல் எல்லாம் தொறந்து கெடக்கு, பசங்க நிறைய பேர் கீழ் தளத்துல. திடீர்னு ஒரு சுழல்காத்து அடிச்சு கப்பல சாச்சிருச்சு, சில நிமிஷத்துல முழுகிப் போச்சு, 69 பேர் போயிட்டாங்க. பெரும்பாலும் மீசை அரும்பாத பசங்க, அத நினைச்சா இப்பவும் மனசு கனக்குது.

அதுக்கு அப்புறம்தான் ஹாம்பர்க்ல ப்ளோம் உண்ட் ஃபோஸ்ங்கற கப்பல் கட்டற யார்டு, கோர்ச் ஃபோக்ங்கற புதுப் பயிற்சிக் கப்பல கட்டுச்சு. மக்கள் காசு போட்டாங்க, நூறே நாள்ல வேலைய முடிச்சு 1933 மே மாசம் தண்ணில இறக்கிட்டாங்க. அடியில நல்ல பாரம் வச்சு, எவ்வளவு சாஞ்சாலும் திரும்ப நிமிர்ற மாதிரி கணக்குப் போட்ட டிசைன். அதே டிசைன கொஞ்சம் நீளமாக்கி 1936ல ஹோர்ஸ்ட் வெஸ்ஸல், அதான் இன்னைக்கு ஈகிள். இறக்கினப்ப ஹிட்லர் நின்னது நிஜம். 1937ல ஆல்பர்ட் லியோ ஷ்லாகெட்டர், 1938ல ருமேனியாவுக்கு மிர்சியா. இன்ஜினும் இருக்கு, ஆனா பாய்தான் பள்ளிக்கூடம். பருமல் மேல, அதாவது பாய் கட்டற குறுக்குக் கட்டை மேல நின்னு பாய சுருட்டுறப்ப பக்கத்துல நிக்கிறவன நம்பித்தான் ஆகணும், அதுக்காகத்தான் கட்டினாங்க.

அலைமகன்:
பருமல் அண்ணே அருமை. நான் ஒண்ணு சேக்கறேன். ரெண்டாம் உலகப் போர் முடியுற சமயத்துல, 1944 நவம்பர்ல ஷ்லாகெட்டர் பால்டிக்ல கண்ணிவெடில மாட்டுச்சு, இழுத்துட்டு வந்தது அதோட தங்கச்சி மாதிரியான ஹோர்ஸ்ட் வெஸ்ஸல்தான். பிறகு அது அமெரிக்கா கைக்குப் போய், 1948ல பிரேசில், 1960களோட ஆரம்பத்துல போர்ச்சுகல், இப்ப சாக்ரெஸ்ங்கற பேர்ல ஓடுது. மூத்த கோர்ச் ஃபோக்க 1945ல ஜெர்மன்காரங்களே முழுகடிச்சாங்க, சோவியத் வெளிய எடுத்து தவாரிஷ்னு பேர் வச்சுது, 2003ல திரும்ப ஜெர்மனில இருக்கற ஸ்ட்ரால்சுண்டுக்கு வந்து இப்ப மியூசியம்.

ஈகிள் கதைதான் எனக்கு ரொம்ப பிடிச்சது. 1946 மே 15ல ஜெர்மன் துறைமுகம் ப்ரெமர்ஹாஃபன்ல அமெரிக்கா கொடிய ஏத்துது, கேப்டன் கோர்டன் மெகவன். ஆனா அவங்க ஆளுங்கள்ல இந்த மாதிரி பெரிய பாய்மரக் கப்பல் ஓட்டினவங்க ரொம்ப கம்மி. அதனால பழைய ஜெர்மன் மாலுமிங்களும் கூடவே வந்தாங்க, ஒரு வருஷம் முன்னாடி எதிரிங்க, இப்ப ஒரே கயித்த சேந்து இழுக்கறாங்க, வழில புயல்ல மாட்டி அதையும் தாண்டி நியூயார்க் போய்ச் சேந்தாங்க.

கடல்பித்தன்:
ரொம்ப நன்றி அண்ணன்மாரே, அந்த நியோபே பத்தி சுத்தமா தெரியாது. அந்த முன்பக்கத்து கழுகு சிலையும் பழசா?

பருமல்:
ஆமா, பழைய கழுகையே வச்சுகிட்டு நகத்துல இருந்த ஸ்வஸ்திகாவ மட்டும் எடுத்துட்டு கோஸ்ட் கார்டு சின்னத்த வச்சாங்க, பின்னாடி சிலையையே மாத்தினாங்க. நீ பாத்த சிவப்புப் பட்டை 1976ல வந்தது. இப்பவும் ஊர் நியூ லண்டன், கனெக்டிகட், கோஸ்ட் கார்டு அகாடமி பசங்க அதுலதான் பயிற்சி எடுக்கறாங்க. சுக்கான் சக்கரம் ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணா மூணு இருக்கும், கடல் கொந்தளிச்சா ஆறு பேர் சேந்து பிடிப்பாங்க. அந்தப் போட்டோ கிடைச்சா பாரு, நானும் தேடிப் போடறேன்.